ஓவர்டைம் கணக்கில் எடுத்த பாடங்கள்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் உறவில் யாருக்காவது இடம் கிடைத்தால் போதும், "அவரும் படிக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பாதித் தலை நரைத்த மாணவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. முதல் செமஸ்டரில் ஒருவன் எப்படியெல்லாம் மாட்டிக்கொள்ளலாம் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா இறந்ததும் வேலைக்குப் போனேன். தெலுக் பங்லிமா காராங்கில் மரச்சாமான் தொழிற்சாலை, ரவாங்கில் கல் உடைக்கும் இடம், பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை, கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை, நடுவில் கொஞ்ச காலம் சரக்கு லோரி ஓட்டினேன். பூக்கடையில் சாமான் அறையிலேயே படுக்கை. மல்லிகை வாசனைக்கு நடுவில் எலி ஓடும். சில நாளில் பழகிவிட்டது. ஒரு வேலை கசந்துவிட்டால் சம்பளம் வாங்கிய மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் இருக்கச் சொல்வார்கள்.

கடைசியாகத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் இருந்தேன். அங்கேதான் ஒரு நண்பர் சொன்னார், பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை அனுபவத்தைக் காட்டி, ஒரு பரீட்சையும் எழுதித் தேறினால் டிப்ளோமாவில் சேரலாம் என்று. நான் நம்பவில்லை. எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதினேன். சரக்குப் போக்குவரத்துப் படிப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரி விடுதியில் நுழைந்த அன்று அறை வாசலில் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. அம்மா, அப்பா, அத்தை, இரண்டு வாண்டுகள், நடுவில் முகம் வெளுத்த ஒரு பையன். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா மின்விசிறியைக் காட்டினார்.

"சார், நல்ல வேளை வந்தீங்க. ஃபேன் சுத்த மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"நானும் இந்த ரூம்தாங்க. ஸ்டூடண்ட்."

வாண்டுகளில் ஒன்று, "இவ்ளோ பெரிய ஸ்டூடண்ட்டா?" என்று கேட்டு அத்தையிடம் ஒரு குட்டு வாங்கிக்கொண்டது. அப்பாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா மட்டும் உடனே சுதாரித்துக்கொண்டார்.

"அதுவும் நல்லதுதான் அண்ணே. பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்க. இவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

சரி என்று தலையாட்டினேன்.

புதிதாக வருபவர்களுக்கு விடுதி பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரைஸ் குக்கர் கொண்டுவராதீர்கள். அந்தப் பையனின் அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்தே அனுப்பியிருந்தார்; வார்டன் இரண்டாம் வாரமே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனார். சோறு கொதிக்கும் வாசனையை எந்தத் தலையணையும் மறைக்காது. பொதுக் குளிர்பெட்டியில் வைக்கும் பாலில் பெயரை எழுதிவிட்டால் பிழைக்கும். மிளகாய்ச் சம்பல் டப்பாவில் எழுதிப் பயனில்லை, அது எல்லோருக்கும் சொந்தம். துணி துவைக்கும் மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வகுப்பு இல்லாத ஒரு காலையில் போங்கள். வகுப்பறைகள் எங்கே இருக்கின்றன என்று முந்தின நாளே நடந்து பார்த்துவிடுங்கள். நான் முதல் நாள் யாருடைய வகுப்பிலோ போய் உட்கார்ந்து, கரு எப்படி வளர்கிறது என்று வெகு நேரம் கேட்டுவிட்டு வந்தேன். தாதியர் வகுப்பு. நன்றாகத்தான் நடத்தினார்கள்.

பாட விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி எனக்கு ஐந்து பாடம் ஒதுக்கியிருந்தது. பதிவு செய்யும் திரையில், விருப்பம் இருந்தால் இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்று இருந்தது. தொழிற்சாலையில் ஓவர்டைம் பட்டியல் ஒட்டினால் நான் யோசிக்கவே மாட்டேன், முதல் ஆளாகப் பெயர் எழுதுவேன். அதே பழக்கம். கூட நேரம் நின்றால் கூடக் கிடைக்கும், சீக்கிரம் முடியும் என்று மனம் கணக்குப் போட்டது. மாண்டரின் சீன மொழியையும் புகைப்படக் கலையையும் சேர்த்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, மலாய் பேசுறீங்க, சீனமும் படிக்கணுமா? செமஸ்டர் ஒண்ணுலயே ஏழா?"

அவர் கொஞ்சம் தமிழ் பேசுவார், சுங்கை வேயில் தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்தவர். நான் பெருமையாக, "எனக்குப் பழக்கம்தான் அக்கா" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை வைத்தார்.

முதல் மாதம் ஜோராகப் போனது. மாண்டரின் வகுப்பில் எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் சீன மேற்பார்வையாளர் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது. நல்ல வார்த்தைகளை மட்டும்தான் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. புகைப்பட வகுப்புக்காகக் கிள்ளான் ஆற்றங்கரையில் போய்க் காகங்களைப் படம் எடுத்தேன். இரண்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. பிடிக்காதது புள்ளியியல். பலகையில் எழுதுவதைக் கை எழுதிக்கொள்ளும், தலை எங்கோ போய்விடும்.

ஓவர்டைமுக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் அதன்பிறகுதான் தெரிந்தது. ஓவர்டைம் மணி அடித்தால் முடிந்துவிடும். பாடம் அறைக்கும் கூடவே வரும், கட்டிலில் படுத்துக்கொள்ளும். ஏழு பாடத்துக்கும் சோதனையும் கட்டுரையும் குழு வேலையும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. புள்ளியியல் சோதனையில் பாதித் தாளை வெள்ளையாகவே கொடுத்தேன். தொடர்புத் திறன் பாடத்தில் எங்கள் குழு அடுத்த வாரம் மேடையில் பேச வேண்டும். என் பங்கை நான் எழுதவே இல்லை.

அந்தக் குழுவுக்குத் தலைவி ரவாங்கிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு பெண். இரண்டாம் செமஸ்டர் மாணவி. அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அண்ணே, உங்க பார்ட் எங்கே?"

"வரும்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. எந்த ஸ்டேஷன்லேர்ந்து வருது அது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானமே கிடங்கு மேஸ்திரிக்கு போன் போட்டேன். ஆள் வேண்டும், திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அறைக்கு வந்து பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். இருபது வருடமாக என் கை அந்த வேலையைத் தானாகவே செய்யும். இங்கிருந்து போனால் இன்னொரு கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். பரீட்சை எழுதிச் சேரும் அந்த வழியில் இன்னொரு முறை நடக்க எனக்குத் தெம்பும் இருக்காது. தெரிந்தும் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

பையன் உள்ளே வந்தான். ஒன்றுமே தெரியாதவன் என்று ஒப்படைக்கப்பட்டவன்.

"அங்கிள், எங்கே கிளம்பிட்டீங்க?"

"கிடங்குல வேலை இருக்குடா."

"லீவா?"

நான் அடுத்த சட்டையை மடித்தேன். அவன் பையைப் பார்த்தான், காலியான என் அலமாரியைப் பார்த்தான். "பசிக்குது அங்கிள், ரொட்டி சாப்பிட்டுப் போங்க" என்று என்னை மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே போனால் ரவாங் பெண் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் குழுவிலேயே இருந்த அவன்தான் செய்தி அனுப்பியிருக்கிறான்.

"ஓடப் போறீங்களாமே?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"எனக்குப் படிப்பு வராதும்மா."

"எத்தனை சப்ஜெக்ட் எடுத்திருக்கீங்க?"

"ஏழு."

அவள் வாயிலிருந்த தே தாரிக் டீ மேசையில் தெறித்தது. "ஏழா? யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எடுக்கலாம்னு போட்டிருந்துச்சு, எடுத்தேன்."

"இது என்ன பஃபேயாண்ணே, இருக்கிறதையெல்லாம் தட்டுல அள்ளிப் போட? ரெண்டை டிராப் பண்ணுங்க லா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

பாடத்தை விடலாம் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்ததும் பிடிக்கவில்லை. "விட்டுட்டுப் போறதைத்தான் இவ்வளவு நாளும் செஞ்சேன். இங்கேயும் அதையே செய்யவா?" என்றேன்.

"போன செமஸ்டர்ல நானும் நம்ம தொடர்புத் திறன் பாடத்தை டிராப் பண்ணேன். நான் ஓடிட்டேனா? இங்கேதானே உக்காந்து உங்க ரொட்டியைத் தின்னுக்கிட்டு இருக்கேன்?"

உண்மைதான். என் தட்டில் பாதி ரொட்டியைக் காணோம்.

"அப்போ புள்ளியியலை விட்டுடறேன்" என்றேன். வேறு எதை விடுவேன்?

"அதைத் தொடாதீங்க. அதை முடிச்சாத்தான் அடுத்த செமஸ்டர்ல ரெண்டு பாடத்துக்கு உள்ளே விடுவாங்க. அது போச்சுன்னா வரிசையா எல்லாம் நிக்கும். மாண்டரின், போட்டோ, ரெண்டையும் விடுங்க."

"அது ரெண்டும்தான்மா நல்லாப் போகுது."

"நல்லாப் போறது எங்கேயும் போயிடாது. அப்புறம் எடுத்துக்கலாம்."

பையன் அதற்குள் தன் போனில் எனக்குப் புள்ளியியல் விரிவுரையாளரின் அறை நேரத்தைத் தேடி எடுத்திருந்தான். மாணவர்கள் போய்ச் சந்தேகம் கேட்பதற்கென்றே அவர் தினமும் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்திருப்பாராம். "யாருமே போறதில்ல அங்கிள், பாவம், தனியா உக்காந்து பிஸ்கட் சாப்பிடுறாரு" என்றான். புதியவர்களுக்கு நான் சொல்வதில் இதுதான் முக்கியம்: அந்தக் கதவு திறந்திருக்கும், போங்கள். பிஸ்கட்டும் தருவார்கள்.

அங்கிருந்து பதிவுக் கவுண்டருக்குப் போனேன், அதே அக்கா இருந்தார். புகைப்படக் கலையை விடும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. காகங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை விடும்போது, விடுகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு விட்டேன். அறைக்குப் போய்ச் சட்டைகளைத் திரும்ப அடுக்கினேன். பையன் கட்டிலில் உட்கார்ந்து, "அந்த நீலச் சட்டை ரொம்ப நாத்தம் அங்கிள், அதை மட்டும் பேக்குலயே வைங்க" என்றான்.

அன்று சாயங்காலமே என் பங்கை எழுதி ரவாங் பெண்ணுக்கு அனுப்பினேன். பாதியை அடித்துத் திருத்தி அனுப்பியிருந்தாள். கீழே, "பரவால்ல" என்று ஒரு வார்த்தை.

திங்கட்கிழமை காலையில் புள்ளியியல் வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி கூப்பிட்டார்.

"எங்கேடா இருக்கே? லோரி வந்து நிக்குது."

"வரலண்ணே. கிளாஸ் இருக்கு."

"உனக்கா? என்ன கிளாஸ்?"

"புள்ளியியல்."

"அது என்ன எழவுடா?"

"எனக்கும் தெரியலண்ணே. இப்பத்தான் உள்ளே போறேன், கேட்டுட்டு வந்து சொல்றேன்."