கேக்குக்கு எத்தனை முட்டை?

நிர்மலா மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். அதற்கு மேலேயே முந்தின நாள் அவர் அனுப்பிய குரல் பதிவு இருந்தது: "என் டிபன் பாக்ஸ் மூடிய எடுத்துக்கினு போனது யாரு? மரியாதையா குடுத்துடுங்க." வந்த ரயிலை விட்டுவிட்டேன். இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

குரோம்பேட்டையில் எங்கள் பள்ளியில் அவர் வரலாற்று ஆசிரியை, நான் நூலகர். சேர்ந்த முதல் மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. "இன்னா மிஸ், அலமாரிக்குள்ளயே குடித்தனமா?" என்று கேட்டபடி வந்தவர், ஹிட்லரின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள் எழுதிய நினைவுக்குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்றார். "செத்தவங்க எண்ணிக்கை பாடத்துலயே இருக்கு. பரீட்சை முடிஞ்சா அது பறந்துடும்."

ஒரு பெண்மணி எழுதிய ஒரே ஒரு புத்தகம் இருந்தது, ஆங்கிலத்தில். மதிய இடைவேளைகளில் இருவரும் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு அவர் வாசிப்பார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்தப் பொண்ணுக்கு எதெல்லாம் பிடிக்கும்?" பட்ட துன்பம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான். "முதல்ல பழகுங்கடா. பழகினாதான் வலிக்கும்" என்பார்.

முகாமில் பட்டினி கிடந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சமையல் குறிப்பு சொல்லிக்கொள்ளும் பகுதி வந்தது. கேக்குக்கு எத்தனை முட்டை என்று இரண்டு பேருக்குள் பெரிய சண்டை. "நீங்களும் சொல்லுங்க" என்று பிள்ளைகளிடம் விட்டார் மிஸ். வகுப்பே மீன் குழம்பில் இறங்கிவிட்டது.

"தேங்கா ஊத்துனா அது குழம்பாடா?"

"உங்க வூட்ல வைக்கிறது புளித்தண்ணி!"

கதவருகே பிரின்சிபல். "இது ஹிஸ்டரி கிளாஸா, ஹோட்டலா? இந்த பீரியடை மேத்ஸுக்குக் குடுத்துடலாம்."

மிஸ் பிள்ளைகளைப் பார்த்தார். அதிகம் பேசாத திவ்யா எழுந்தாள். "மேம், எங்களுக்கு வூட்டுக்குப் போனா சோறு கீது. அவங்களுக்கு வூடே இல்ல. அந்தச் சண்டை போடும்போது மட்டும் வூட்டுக்குப் போய்ட்டு வந்தாங்க."

பிரின்சிபல் ஓரடி உள்ளே வைத்தார். "கடைசியில எத்தனை முட்டை?"

"அது அடுத்த வாரம் மேம். நீங்களும் வாங்க" என்றார் மிஸ்.

அவர் வரவில்லை. ஆனால் பீரியட் தப்பியது.

மிஸ் போன மறுவாரம் புது அட்டவணை ஒட்டினார்கள். வெள்ளி கடைசி பீரியட், மேத்ஸ். பிரின்சிபல் அறை வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது முறை உள்ளே போனேன்.

"மேம், இன்னும் நாலு அத்தியாயம் இருக்கு."

"யாரும்மா வாசிப்பாங்க?"

"நான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, எத்தனை முட்டைன்னு யாருமே எனக்குச் சொல்லலயே?"

"முடிவே ஆகல மேம். நாலுன்னு சொன்னவங்க திரும்பி வரல."

அவர் பேனாவை எடுத்து மேத்ஸை அடித்தார்.

வெள்ளிக்கிழமை வாசித்தேன். "மிஸ், கேக்கல!" என்று மூன்று முறை கத்தினார்கள். நான்காவது முறை கத்தவில்லை. முடித்ததும், "நிர்மலா மிஸ்ஸுக்கு எதெல்லாம் பிடிக்கும்னு கேளுங்க மிஸ்" என்றாள் திவ்யா. கேட்டேன். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த முதல் கேள்வி. கூடவே ஒரு டிபன் பாக்ஸ் மூடியும். அவர் கேட்டபோது அது, சாப்பிட்ட இடத்தில் கைமாறி, என் பையில்தான் இருந்தது. குழுவில் சொல்லக் கூச்சப்பட்டு, நேரில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், மிஸ்.