மாதிரிப் பத்திரிகைக்கு வந்த தாய்மாமன்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூடவே கண்ணும் கலங்குகிறது.

நான் கல்வராயன் மலையில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கீழே வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவருக்கு மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை வேலை. நாங்கள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, பத்திரிகையில் என் ஒரே அண்ணனின் பெயர் விடுபட்டுப்போனது. அச்சகத்தில் நடந்த தவறு. நாங்கள் கவனிப்பதற்குள் ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. பிறந்த வீட்டுப் பெயர் இல்லாத பத்திரிகை என்றால் சும்மாவா? அண்ணன் வந்தார், சீர்த்தட்டை வைத்தார், கை நனைக்காமல் மலையேறிவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது.

அதற்குப் பிறகு பிறந்த மகளுக்கு நாலு வயதாகியும் நான் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? கேட்டவர்களுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் என் சின்ன இணையதளம். மகள் தூங்கும் மத்தியான நேரங்களில் உட்கார்ந்து செய்தேன். போனிலேயே பத்திரிகை தயாரித்து லிங்க் அனுப்பலாம். யார் பெயராவது விடுபட்டால், அனுப்பிய பிறகும் திருத்தலாம். இதை விற்றால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

மாதிரிக்கு ஒன்று வேண்டுமே என்று மகளின் காதணி விழா என்றே போட்டேன். வரும் ஞாயிறு, எங்கள் இல்லத்தில். தாய்மாமன் என்ற இடம் வந்ததும் விரல் தானாகவே அண்ணன் பெயரை அடித்தது. அதுவும் எல்லோருக்கும் மேலே, பெரிய எழுத்தில். மாதிரிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கணவருக்கு அனுப்பினேன். மனிதர் பெருமை தாங்காமல் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை எலவனாசூர்கோட்டையிலிருந்து சின்ன மாமியார் போன் செய்தார்.

“இன்னாமா, காதுகுத்துக்கு ஒரு போன் கூட பண்ணல? கம்ப்யூட்டர்லயே கூப்புட்டுக்கிறியா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே பத்திரிகையின் தலையில் ‘இது மாதிரி மட்டுமே’ என்று போட்டேன். என்ன பிரயோஜனம்? அதற்குள் பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மீதிப் பேருக்கு அனுப்பியிருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற என் பெருமை அங்கேயே காற்றில் போனது. உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, விழா இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அண்ணனுக்கும் போட்டேன். மலையில் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அவருக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது, தெரிந்தாலும் வரவா போகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நைட்டியோடு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கணவர் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். ஒரு மினி வேன் வந்து நின்றது. அண்ணன், அண்ணி, மலைச் சொந்தங்கள், சீர்த்தட்டுகள், வாழைத்தார், கடைசியாக ஓர் ஆட்டுக்கிடா. ஒவ்வொன்றாக இறங்க இறங்க எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஏற்கெனவே ஒரு பத்திரிகையில் பெயரை விட்டு அவமானப்படுத்தியாகிவிட்டது. இப்போது பெயரைப் போட்டது வெறும் விளையாட்டுக்கு என்று தெரிந்தால், இந்த ஜென்மத்தில் என் வாசல் மிதிப்பாரா?

அண்ணன் வாசலை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா மாப்ள, பந்தலு கூட போடல?”

கணவர் நுரையைத் துப்பிவிட்டு, அசராமல் சொன்னார்: “வந்துக்கினே இருக்காங்க மச்சான். நீங்க உள்ள போயி ஒக்காருங்க.” சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் பறந்தார்.

அதன் பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. ஒரு மணி நேரத்தில் ஷாமியானா வந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்தார். வர வேண்டாம் என்று சொன்னவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டேன். திட்டிக்கொண்டே வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கிடா குழம்பானது. மகள் மாமன் மடியில் உட்கார்ந்து தெருவே அதிர அழுதாள். அவர் கொண்டுவந்த தங்கக் கம்மல் அவள் காதில் ஏறியபோது, என் அழுகை அவள் அழுகையைவிட ஜாஸ்தி.

அண்ணன் அன்று எங்கள் வீட்டில் கை நனைத்தார். இலைக்குக் குழம்பு ஊற்றும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் குனிந்து, பத்திரிகை வெறும் மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: “தெரியும் பாப்பா. சொந்தக்காரங்க அனுப்புன லிங்க, நேத்து சந்தைக்கு எறங்கினப்ப டைம் பாக்கறதுக்கு மறுபடி தொறந்தேன். மாதிரின்னு போட்டுக்கினு இருந்திச்சி. மாதிரிக்கே என் பேர மொதல்ல போட்டவ, நெசத்துக்கு வுட்டுடுவியா?”

கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன்.

வியாபாரமும் அன்றைக்கே தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் காது குத்திய ஆசாரிதான், மகன் கல்யாணத்துக்கு. அப்புறம் அந்தப் பந்தியில் சாப்பிட்ட சொந்தங்கள். போன வருடம் உளுந்தூர்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் தளத்தையே நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார். மாதிரிப் பத்திரிகையை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் விற்றேன். இன்றும் அதைத் திறந்தால் என் அண்ணன் பெயர்தான் மேலே நிற்கும்.

இப்போது வேறொன்று செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் மாதிரிதானே என்று எதையும் அசட்டையாக அடிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நாம் வைத்திருக்கும் ஆசையெல்லாம் அங்கேதான் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.