போட்டோக்காவின் கழுத்தும் ஒரு விரலும்

கடைத்தெருவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் அந்த அம்மாளை எல்லோரும் போட்டோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து "நேரா பாருங்க" என்று சொல்வதே அவள் பிழைப்பு. அவளுக்குப் போய்க் கழுத்து இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்ததை என்னவென்று சொல்வது!

முதலில் கவனித்தது கணவர். கடையின் உள்ளறையில் போட்டோக்களை வெட்டிக் கவரில் போடுபவர் அவர். "அங்க யாரு நிக்கிறா? அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்கே?" என்றார். யாரும் நிற்கவில்லை. தலை தன்னால் திரும்பியது. இழுத்துப் பிடித்தால் வலியில் உயிர் போயிற்று.

நரம்பு டாக்டர் ஒருவர், இதற்கு டிஸ்டோனியா என்று பெயர், மூளை கழுத்துத் தசைக்குத் தப்பான உத்தரவு போடுகிறது என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுத்தில் ஊசி.

"ஒரு கிருமியோட விஷம்தான் மருந்து. துளியூண்டு போதும், முறுக்குற தசை அடங்கிடும்."

"விஷம் சாப்பிட்டவங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவாங்க. இங்க ஆஸ்பத்திரியிலயே போடுறாங்களே!" என்று கணவர் வாயைப் பிளந்தார்.

போட்ட விஷம் சொன்ன பேச்சைக் கேட்டது. சில வருஷம் தலை தலையாக இருந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, ஊசி போட்டும் கழுத்து பழையபடி திரும்பிக்கொண்டது.

அதைவிடப் பெரிய கூத்து கடையில் நடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் போட்டோக்காவைப் பார்த்துத் தங்களை அறியாமலே தாங்களும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் எல்லோருமே பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோலப் படத்தில் விழுந்தார்கள். பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது.

ஒரு நாள் போட்டோக்காவுக்குத் தாடை அரித்தது. ஆள்காட்டி விரலை வைத்தாள். தலை சட்டென்று நேரானது! எடுத்தாள், திரும்பியது. வைத்தாள், நேரானது. அழுத்தக்கூட வேண்டாம், தொட்டால் போதும். இந்த நோய்க்காரர்கள் பல பேருக்கு இப்படி ஒரு தந்திரம் உண்டு என்று டாக்டரும் சொன்னார். அன்றிலிருந்து ஒரு கை கேமராவில், ஒரு விரல் தாடையில்.

தெருவோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "போட்டோக்கா எதையும் யோசிக்காம பேச மாட்டாங்க" என்று பேச்சு கிளம்பியது. கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவளையே தலைவராக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லத் தாடையிலிருந்து விரலை எடுத்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சம்மதம் என்று கை தட்டிவிட்டார்கள்.

குடைக்கடைக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் செருப்புக்கடைச் சரக்கின் மேல் விழுகிறது என்று தீராத சண்டை ஒன்று இருந்தது. இரண்டு பேரும் அவள் முன்னால் வந்து கத்தினார்கள். கழுத்தைக் காப்பாற்றுவதிலேயே கவனமாக இருந்த அவள் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் குடைக்கடைக்காரர், "சரிக்கா, நானே தகரம் போட்டுடறேன். அப்படிப் பாக்காதீங்க" என்று கும்பிட்டுப் போனார்.

இதற்கிடையில் டாக்டர் அவள் நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் அதே மருந்தைக் கொஞ்சம் போட்டு, சில வாரம் கழித்துப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். மருந்து வேலை செய்தால் அந்தப் பக்கம் தூக்க வராதாம். இரண்டு புருவமும் ஜோராக மேலே போயின.

"உங்க உடம்பு இந்த மருந்தை எதிர்க்கப் பழகிடுச்சும்மா. இந்த அண்ணனால இனி வேலை ஆகாது, தம்பியைக் கூப்பிடுவோம். அதே விஷக் குடும்பத்துல வேற ரகம். போடும்போது எரியும், வாய் வறளும். இதுக்கும் உடம்பு ஒரு நாள் பழகிடலாம், உறுதி சொல்ல மாட்டேன்."

எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் விரல் இல்லாமலே தலை நேராக நின்றது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஒரே முணுமுணுப்பு.

"தலைவரே, உடம்பு சரியில்லையா? யோசிக்கவே மாட்டேங்கறீங்களே?" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"நான் எந்தக் காலத்துலங்க யோசிச்சேன்? கழுத்தைப் பிடிச்சுட்டு இருந்தேன்."

"என்ன தன்னடக்கம் பாருங்க!" என்றார் குடைக்கடைக்காரர்.

தெரு விளக்கு விஷயம் வந்தது. முதல் தடவையாக எல்லோர் பேச்சையும் ஒழுங்காகக் கேட்டு, கம்பத்தை அந்த இரண்டு பேர் கடைக்கும் நடுவில் நடலாம் என்று சொந்தக் கருத்தைச் சொன்னாள். செருப்பும் குடையும் ஒன்றாக எழுந்து, தங்கள் வாசலை மறைக்கச் சதி என்று கூச்சல் போட்டன. கூட்டம் முடிவதற்குள் பதவி போயிற்று.

வெளியே கணவர் காத்திருந்தார். கழுத்து திரும்பிய நாளிலிருந்து அவள் பார்வையில் படவேண்டும் என்று அவளுக்கு இடப்பக்கமே நடப்பவர் அவர்.

"என்ன சொன்னாங்க?"

"தூக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

"இனிமே இந்தப் பக்கமும் வரலாம் நீங்க" என்று வலக்கையை நீட்டினாள்.

அவர் சுற்றி வந்தார். நாலு அடி நடந்ததும் கால் பின்னிக்கொண்டது, அவள் தோளில் இடித்துக்கொண்டார். "எனக்கு அந்தப் பக்கம்தான் வரும்" என்று மறுபடி இடப்பக்கம் போய்விட்டார்.

"எங்கயாவது நடங்க. முதல்ல ஒரு சோடா வாங்குங்க, நாக்கு ஒட்டிக்குது" என்றாள் போட்டோக்கா.