பச்சையாகவே இருந்த திரை

போன வருடம் கந்தசஷ்டி விரதம் தொடங்கிய நாள். வேலை முடிந்து வரும் வழியில் கொக்குவிலில் மாமி வீட்டுக்குப் போனேன். நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்ப்பவள். பகல் முழுக்கத் திரைகளில் பிழை தேடிவிட்டு, மாலையில் மாமியின் போனையும் பார்த்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி போடுபவர். கனடாவில் இருக்கும் மகள், என் மச்சாள், அதற்கென்று ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அது "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும். விடைகள் இரண்டுதான்: "சாப்பிட்டேன்", "பிறகு". "சாப்பிட்டேன்" என்றால் மச்சாளின் போனிலும் பச்சை அடையாளம் விழும். "பிறகு" என்றால் திரும்பத் திரும்ப அலறும். பதிலே இல்லாவிட்டால் கனடாவில் மச்சாளின் போன் அலறும். விரதம் என்று சொல்ல அதில் இடமில்லை.

மாமி கதிரையில் சரிந்து கிடந்தார். வேர்வை, கை நடுக்கம், குழறும் பேச்சு. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. சீனித் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். வாயை இறுக்கிக்கொண்டார்.

"விரதமெடி பிள்ளை. கொண்டு போ."

கெஞ்சினேன், அதட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் சொருகத் தொடங்கியது. சாமியறைக்குள் போய், படைத்திருந்த கற்கண்டை எடுத்து வந்து, அவர் பார்க்க அதே தண்ணீருக்குள் போட்டேன்.

"பிரசாதம், மாமி. வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ."

வாய் திறந்தது.

பேச்சுத் தெளிந்த பிறகு, சாப்பிடாமல் ஏன் ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன்.

"உது விடாமல் கத்திச்சுது. அவளையும் நித்திரையாலை எழுப்பிப் போடுமெண்டு சாப்பிட்டனெண்டு அமத்தினன். உடனை ஊசி போட்டாச்சோ எண்டு கேட்டுது. விரத நாளிலை ஒரு பொய் காணாதே? அதுதான் உண்மையாவே போட்டிட்டன்."

மச்சாளை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"எழும்பின உடனை பாத்தனான். எல்லாம் பச்சையாத்தானே கிடந்தது" என்றாள்.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பிருக்கவில்லை. மாமிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். இப்போதும் வேலையில் எந்தத் திரையிலாவது பச்சை அடையாளத்தைக் கண்டால், அதை அழுத்திய விரலுக்கு வேறு விடை ஏதாவது கொடுக்கப்பட்டிருந்ததா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.