ஐரீன் பறவை பார்த்த கோடை

ஐரீன் ஹெப்வொர்த்துக்கு அறுபத்து நான்கு வயது வரைக்கும் குருவி என்றால் குருவிதான். பழுப்பாகச் சின்னதாக எது பறந்தாலும் அவளுக்கு அது குருவி. அதற்குமேல் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் காற்சட்டை தைக்கும் ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் பேசி வந்த ஒருவனை, "அம்மா போன பிறகு பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பினாள். அம்மா போனபோது அவனுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

பறவைகள் எல்லாம் அண்ணன் வில்ஃபின் சொத்து. வில்ஃப் பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன். சுரங்கத்தை மூடும்வரை நிலக்கரி வெட்டினான். இரவு வேலை முடித்து மேலே வரும்போது விடியலில் கேட்கும் முதல் சத்தத்துக்காகவே பறவைகளைப் படித்தான் என்று சொல்வான். மனைவி இறந்து, நெஞ்செல்லாம் தூசி அடைத்து, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கூடவே அவன் கொண்டுவந்தது ஒரு பெட்டி துணியும், பறவைகளுக்கு விதை போட்டுத் தோட்டத்தில் தொங்கவிட மூன்று தீவனக் குழாய்களும்.

அந்த வசந்தத்தில் அவனால் நாற்காலியில் உட்கார முடிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வேலியடியில் ஓடும் பறவைகளைக் காட்டுவான்.

"அங்க பாரு ஐரீன். அந்த டன்னக் பொம்பளைக்கு ரெண்டு புருஷன். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். பெரியவன் அசந்த நேரம் பாத்து சின்னவன் வந்துட்டுப் போறான்."

"எனக்கு ஒருத்தன்கூட வாய்க்கல, அதுக்கு ரெண்டா?" என்று ஐரீன் கெட்டிலை அடுப்பில் வைப்பாள். "நல்லா இருக்கு நியாயம். எனக்கு எல்லாம் குருவியாத்தான் தெரியுது."

"உனக்குக் கண்ணு இருந்தும் பிரயோசனமில்ல."

ஜூலையில் நாற்காலியும் முடியாமல் போனது. கீழறையில் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை வைத்தார்கள். படுத்த நிலையில் ஜன்னல் வழியாக அவனுக்குத் தெரிந்தது தீவனக் குழாய்களும் அதற்கு மேல் வானமும் மட்டும்தான். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. பச்சைச் சிட்டுகள் கூட்டமாக வந்து சூரியகாந்தி விதைக்குச் சண்டை போடும். வில்ஃப் மூச்சுக்கு நடுவில் சிரிப்பான். ஐரீன் காலையும் மாலையும் குழாய்களை நிரப்பினாள். அண்ணனுக்குச் செய்ய அவளிடம் மிச்சமிருந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஒரு பச்சைச் சிட்டு, இறகை உப்பிக்கொண்டு குழாயின் கீழ்க் கம்பியில் உட்கார்ந்திருந்தது. ஐரீன் கிட்டே போனாள், பறக்கவில்லை. அலகைச் சுற்றி மென்ற விதை கூழாக ஒட்டியிருந்தது. பழகிவிட்டது போல என்று நினைத்து அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. பாவம், பசி என்று இன்னும் ஒரு கை விதை போட்டாள். மறுநாள் காலை அது குழாயின் நேர் கீழே செத்துக் கிடந்தது. அந்த வாரத்துக்குள் இன்னும் நாலு. அண்ணன் தூங்கும்போது தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

பக்கத்து வீட்டு கிளிஃப் பந்தயப் புறா வளர்ப்பவன். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தவன், அவள் கையில் இருந்த செத்த சிட்டை வாங்கி, அலகைத் திறந்து தொண்டையைப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐரீன். இது எங்க புறாவுக்கு வர்ற வியாதி மாதிரியே இருக்கு. தொண்டையில புண்ணு. முழுங்க முடியாது. ஒண்ணு துப்பினத இன்னொண்ணு தின்னா அதுக்கும் வந்துரும்."

"அப்ப நான் போடுற தீனியிலயா?"

கிளிஃப் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு, "எல்லாத்தையும் கழட்டிருங்க. தண்ணித் தட்டையும் எடுத்துருங்க. ஒரு மாசத்துக்கு எதுவும் வேண்டாம். பறவைங்க கலைஞ்சு போனாத்தான் பொழைக்கும்" என்றான்.

"ஒரு மாசமா? கிளிஃப், அவனுக்கு ஒரு மாசம் இருக்குமான்னே டாக்டர் சொல்ல மாட்டேங்கறார். அந்த ஜன்னல விட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு?"

அவள் கழற்றவில்லை. குழாய்களைக் கொதிநீரில் கழுவி மறுபடி தொங்கவிட்டாள். கழுவினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு நாள் அப்படிப் போனது. அந்த நாலு நாளில் இன்னும் ஏழு செத்தன. ஏழாவது அவள் உள்ளங்கையிலேயே, வாயைத் திறந்து திறந்து மூடி, அடங்கியது. அந்த மூச்சுத்திணறல் அவளுக்குத் தெரிந்த மூச்சுத்திணறல்தான். அன்றைக்கே மூன்றையும் கழற்றினாள்.

வில்ஃப் விழித்து, வெறும் கொக்கியைப் பார்த்தான்.

"துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு வாங்கணும்" என்றாள் ஐரீன்.

அவன் கொக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். "வேலியடியில யாராவது இருக்காங்களா, பாரு" என்றான்.

படுத்த இடத்திலிருந்து அவனுக்கு வேலியடி தெரியாது. ஐரீன் முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய், திறந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"ஒரு குருவி இருக்கு."

"அலகு எப்படி? தடிச்சா, ஊசியா?"

"ஊசி."

"தலை?"

"சாம்பல் மாதிரி. எலி மாதிரி தரையோட தரையா ஓடுது. றெக்கைய உதறிக்கிட்டே இருக்கு."

"அப்ப அது குருவியில்ல. டன்னக்."

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். ஒருநாள் அவளாகவே பெருமையாக, "டன்னக் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

"மார்ல புள்ளி இருக்கா?"

"இருக்கு. மஞ்சளா, பொடிப்பொடியா."

"ராபின் குஞ்சு. மார்ல செவப்பு இன்னும் வரல. என்ன கண்ணு உனக்கு!"

"நீயே வந்து பாரேன், பெரிய துரை" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே அவன் சிரிப்பதும், சிரிப்பு இருமலாக மாறுவதும் கேட்டது.

இப்படி மூன்று வாரம். ஆலையில் தையல் பிசகைத் தடவியே கண்டுபிடித்த பெண் அவள். பார்க்கக் கற்றுக்கொள்ள நாளாகவில்லை. கறுந்தலைச் சிட்டின் தொப்பி, வால் தூக்கி நிற்கும் ரென் குருவி, எல்லாம் அவள் வாயில் வந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணனோடு அவள் இவ்வளவு பேசியதில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு மத்தியானம் சூப்பை ஊட்டிக்கொண்டிருந்தாள். வில்ஃப் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"எத்தன செத்துச்சு?"

அவள் கை நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உப்பிக்கிட்டு உக்காந்திருந்தத நான் பாக்கலியா? எத்தன?"

"பன்னெண்டு."

"கிளிஃப் எப்பச் சொன்னான்?"

"அஞ்சாவது செத்தப்ப."

வில்ஃப் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அன்னிக்கே எடுத்திருக்கணும் ஐரீன்."

"உனக்காகத்தான் வச்சேன்."

"தெரியும். அதத்தான் என்னால தாங்க முடியல."

அவன் அவளைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவள் சூப்பைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தான். கடைசிக் காலை மழை கொட்டியது. "யாரு வந்திருக்கா?" என்று உதடு மட்டும் அசைந்தது. ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"யாருமில்ல வில்ஃப். மழை. எல்லாம் வேலிக்குள்ள ஒதுங்கியிருக்கும்."

அவன் தலையசைத்தான். மத்தியானம் மூச்சு நின்றது.

சுரங்கத்துப் பழைய ஆட்கள் இருபது பேர் அடக்கத்துக்கு வந்தார்கள். ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்து அனுப்பினாள். ஆக்சிஜன் இயந்திரத்தை வண்டி வந்து எடுத்துப் போனது. தீவனக் குழாய்களை அவள் திரும்பத் தொங்கவிடவில்லை. வேலியை மட்டும் வெட்டாமல் விட்டாள்.

பிப்ரவரி கடைசியில் துணி உலர்த்தப் போனவள் ஒரு பாட்டைக் கேட்டாள். மெல்லிசாக, அவசர அவசரமாக, சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது போன்ற பாட்டு. வேலியின் உச்சிக் கொப்பில், யாருக்கும் ஒளியாமல் நின்றுகொண்டு டன்னக் பாடிக்கொண்டிருந்தது. ஊசி அலகு அகலத் திறந்து மூடியது. தரையில் ஓடுகிற இந்தப் பறவை இப்படிப் பாடும் என்று வில்ஃப் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் கட்டிலில் கிடந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்களில் அது பாடும் காலம் முடிந்துபோயிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கிளிஃப் புறாக்களுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"கிளிஃப், அது கேக்குதா?"

"எது?"

"டன்னக். பாடுது பாருங்க."

"எனக்குப் புறாவ விட்டா என்ன தெரியும் ஐரீன்? அங்க ஏதோ குருவிதான் நிக்குது."

"குருவியில்ல" என்றாள். அதன் அலகைப் பார்க்க வேண்டும், சாம்பல் தலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. ஈரத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். கிளிஃப் சோளத் தகரத்தைக் கையில் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.