பெட்டியெல்லாம் என்னுது என்றாள் ஒதெல்கிஸ்

“அவ தெருவையே காட்டிக் கொடுத்தவ. கூலியா டிக்கெட் வாங்கிட்டுப் பறந்துட்டா” என்றாள் பிரெதெஸ்வின்தா. ரொட்டி வரிசையில், முப்பது பேர் காது கேட்கச் சொன்னாள்.

“யாருடி குடுத்தது டிக்கெட்டை?” என்றேன் நான்.

“இன்ஸ்பெக்டருங்கதான். ஒவ்வொரு மாடியா அவளேதானே கூட்டிட்டுப் போய்க் காட்டினா. நாங்க எல்லாம் பார்க்கலையா?”

“பார்த்தது உன் கண்ணு. பேசறது உன் வாய். ரெண்டுக்கும் நடுவுல மூளைன்னு ஒண்ணு இருக்கணும்டி.”

வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனது கயானாவுக்கு, அங்கே போக எங்கள் நாட்டுக்காரர்களுக்கு விசா வேண்டியதில்லை. ஒதெல்கிஸ் தன் ஃபிரிட்ஜையும் அம்மாவின் தையல் இயந்திரத்தையும் விற்றுத்தான் டிக்கெட் வாங்கினாள். அவற்றைப் படியில் இறக்கும்போது வாசலில் நின்று “பார்த்து, பார்த்து, சுவர்ல இடிக்குது” என்று வழி சொன்னதே இந்த பிரெதெஸ்வின்தாதான். இரண்டு வருடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒதெல்கிஸுக்கு வார்த்தை கொடுத்திருந்தேன். அந்தக் கெடு போன மாதம் முடிந்துவிட்டது. இதோ, சொல்கிறேன். கேட்க வந்த நீ ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்.

ஒதெல்கிஸ் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். நாற்பது வயது, ஒல்லி, எந்நேரமும் இடுப்பில் ஸ்க்ரூடிரைவர். ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டி, “ஒர்த்தென்சியாம்மா, இந்தத் தெருவிலேயே உங்க மாடிதான் உசரம். தண்ணித் தொட்டிக் கம்பத்துல ஒரு பெட்டி மாட்டிக்கவா?” என்றாள்.

“பெட்டியில என்ன இருக்கு?”

“பேச்சு.”

இன்டர்நெட் இல்லை. அதை முதல் நாளே தெளிவாகச் சொன்னாள். அது பூங்காவில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி வாங்குகிற சரக்கு. இது வேறு. ஒரு மாடிப் பெட்டி அடுத்த மாடிப் பெட்டியோடு பேசும், அது அதற்கடுத்ததோடு. லுயானோப் பேட்டையில் எங்கள் தெருவில் தொடங்கி, லாவ்டன் மேடு வரைக்கும் நாற்பது வீடு. பிள்ளைகள் அதில் சண்டை விளையாட்டு ஆடினார்கள், பெண்கள் தொடர் நாடகம் பார்த்தார்கள், யார் வீட்டில் முட்டை விற்கிறது என்று செய்தி போனது. எங்கள் வலைக்கு உலகம் தெரியாது. எங்கள் தெருக்கள் தெரியும். எங்களுக்கு அது போதும்.

பெட்டிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு மாமரக் கிளை வந்தாலும் பேச்சு அறுந்துவிடும். அதனால் உச்சி வெயிலில் தூரத்து மாடியில் ஒருவரைக் கண்ணாடியோடு நிறுத்துவாள். அந்தக் கண்ணாடி மின்னுகிற இடத்தைப் பார்த்துப் பெட்டியைத் திருப்புவாள். லாவ்டன் மேட்டில் கண்ணாடி பிடித்தது என் அக்கா செனாய்தாவின் மருமகள். இடுப்பு முறிந்து மூன்றாவது மாடியில் கிடந்தவள் என் அக்கா. பேருந்து வந்தால் அவளைப் பார்ப்பேன். பேருந்து வருவதில்லை.

அன்று சாயங்காலம் காதில் மாட்டுகிறதை எனக்கு மாட்டிவிட்டாள் ஒதெல்கிஸ்.

“ஏய், உயிரோடத்தான் இருக்கியா?” என்றது அக்கா குரல்.

“நீ போனப்புறம்தான் நான் போவேன்.”

“அப்போ நான் இப்போதைக்குப் போறதா இல்லை.”

அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு எங்கள் பேச்சுதான். மற்றவர்கள் எழுத்தைத் தட்டி அனுப்பினார்கள். எனக்கு மட்டும் ஏன் குரல் என்று ஒதெல்கிஸ் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. ஊர் முழுக்கப் படிப்புச் சொல்லித்தர விளக்கும் புத்தகமுமாகப் பிள்ளைகள் வந்த வருடத்தில், என் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் என் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு நான் துவைக்கப் போய்விட்டேன். அவள் பாவம், எனக்குப் படிக்க வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாள் அறுபது வருடமாக என் கதவுக்கு மேலே தொங்குகிறது. ஒதெல்கிஸைத் தவிரத் தெருவில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

வலைக்குச் சட்டம் வைத்திருந்தாள் ஒதெல்கிஸ். அரசியல் கூடாது, ஆபாசப் படம் கூடாது, இன்டர்நெட்டைக் கொண்டுவந்து இதில் கட்டவே கூடாது. மீறினால் பதினைந்து நாள் இணைப்பு அறுப்பு. சொந்தத் தம்பியையே ஒருமுறை அறுத்தாள். “நாம வேலிக்குள்ள இருக்கற வரைக்கும் நம்மளை யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க” என்பாள்.

பிரெதெஸ்வின்தாவின் மகன் யோர்தெனிஸ், முப்பது வயதுத் தடியன், வேலியை வெட்டினான். பூங்கா இன்டர்நெட்டை இன்னொரு ஆண்டெனா வைத்து இழுத்து, எங்கள் வலையில் கட்டி, மணிக்கு இவ்வளவு என்று விற்றான். ஒதெல்கிஸ் இரண்டே நாளில் கண்டுபிடித்து, நேராக என்னிடம் வந்தாள்.

“அம்மா, அவனை அறுக்கணும்.”

“அறு.”

“அவன் மாடி வழியாத்தான் லாவ்டனுக்குப் போகுது. அவனை அறுத்தா பின்னாடி இருக்கற பதினோரு வீடும் போயிடும். உங்க அக்கா வீடும்தான். வேற மாடி தேடிக் கட்ட ஒரு வாரம் ஆகும்.”

பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “அப்போ ஒரு வாரம் பொறு. மாடியைத் தேடிட்டு அப்புறம் அறு.”

“சட்டம்னா சட்டம்மா.”

“உன் சட்டத்துக்கு இடுப்பு முறியலை, என் அக்காவுக்கு முறிஞ்சிருக்கு. பொறுன்னா பொறு.”

பொறுத்தாள். இதுதான் நடந்த தப்பு, தப்பு என்னுடையது. ரொட்டி வரிசையில் ஏச வேண்டுமென்றால் என்னை ஏசு, பிரெதெஸ்வின்தா. இதே தெருவில்தான் இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை இன்ஸ்பெக்டர்கள் மூன்று பேர் வந்தார்கள். தனியார் ஆண்டெனாக்களுக்கு அந்த வருடம் புது விதி வந்திருந்தது. இன்டர்நெட் விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் ஏறியது யோர்தெனிஸ் மாடியில். “யாருது இது? இன்னும் யார் யார் வீட்டுல இருக்கு?” என்று கேட்டதுமே அவன் அடுத்த வீட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தானாம். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் நாற்பது வீட்டின் பெயரையும் வரிசையாக ஒப்பித்திருப்பான்.

அதற்குள் செய்தி கேட்டு ஒதெல்கிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

“பெட்டியெல்லாம் என்னுது. இதுவும் என்னுது, பூங்கா ஆண்டெனாவும் என்னுது. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க, மத்ததையும் காட்டறேன்.”

தெரு பார்த்தது இதைத்தான். முன்னால் அவள் நடந்தாள், பின்னால் அவர்கள் நடந்தார்கள். மாடி மாடியாக ஏறித் தன் கையாலேயே பெட்டிகளைக் கழற்றினாள். ஏன் முன்னால் நடந்தாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் வாயைத் திறந்து “என்னுது” என்று சொல்லுவதற்கு முன்னால் அவள் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான்.

என் மாடிக்கும் வந்தாள். ஒரு இன்ஸ்பெக்டர் என்னிடம் தாளை நீட்டி, “நீங்க சம்மதிச்சுத்தான் மாட்டினாங்களா? படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆமாம்டா, என் கம்பம், என் சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“அந்தக் கிழவிகிட்ட ஏன் தாளை நீட்டறீங்க?” என்றாள் ஒதெல்கிஸ் சத்தமாக. “அதுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. டிவி ஆண்டெனான்னு சொல்லி ஏமாத்தி மாட்டினேன். எதைச் சொன்னாலும் நம்பும்.”

எதிர்மாடியில் பிரெதெஸ்வின்தா நின்றிருந்தாள். தெருவே நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டான். அறுபது வருடம் கட்டிக்காத்ததை ஒரு வாக்கியத்தில் உடைத்தாள். என்னைக் காப்பாற்றினாள். இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

அபராதம் அவள் பெயரில் விழுந்தது. ஆஸ்பத்திரி வேலையும் போனது. வேறு எந்த வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. நன்றி சொல்லவும் எந்தக் கதவும் திறக்கவில்லை. பயந்தார்கள். பயம் பழகியதும் பேச ஆரம்பித்தார்கள். ‘காட்டிக் கொடுத்தவள்.’ கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். யோர்தெனிஸ் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவான்.

அவள் கிளம்பிய காலை, ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“நான் பால்கனியில நின்னு கத்தப்போறேன். நடந்ததை எல்லாம் சொல்லிடறேன்” என்றேன்.

“கத்தினா இன்ஸ்பெக்டருங்க திரும்பி வருவாங்க. நாற்பது வீட்டையும் கேப்பாங்க. ரெண்டு வருஷம் பொறுங்கம்மா, அதுக்குள்ள அவங்க இதை மறந்துடுவாங்க. எனக்காக.”

“ஒரு வாரம் பொறுன்னு நான் சொன்னதுக்குப் பழி வாங்கறியா?”

சிரித்தாள். பிறகு கதவுக்கு மேலே தொங்கிய தாளைப் பார்த்தாள். “அன்னிக்கு மாடியில அப்படிச் சொன்னதுக்கு…”

“அதுக்கு உன்னை மன்னிக்க மாட்டேன்.”

“மன்னிக்க வேணாம். காபி இருக்கா?”

இருந்த தூளையெல்லாம் போட்டுக் காபி வைத்தேன். நின்றபடியே குடித்தாள். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தாள். பிரெதெஸ்வின்தா வீட்டு ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. அவளுடைய கால் செருப்புச் சத்தம் மூலை திரும்பும்வரை கேட்டது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.