இருபத்தேழாம் நம்பர் சட்டை

ஊரில் வேலையில்லாதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள் என்பதில் விசில் அக்காவுக்கு இருந்த பெருமை, ஊரை ஆண்டவர்களுக்குக்கூட இருந்திருக்காது. மாதாமாதம் வானொலியில் அந்தக் கணக்கைச் சொல்லும்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். "நூத்துல ரெண்டே பேருக்குத்தான் வேலை இல்லையாம், கேட்டீங்களா?" என்று வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்குவாள்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான்தான்" என்பார்.

"உங்களையெல்லாம் அந்தக் கணக்குலயே சேர்க்கிறதில்ல. பேசாம இருங்க."

அவளுடைய பெருமைக்குக் காரணம் உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது ஊரே வேலையில்லாமல் கிடந்தது. அவளுடைய அப்பா காலையில் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வீட்டு வாசலிலேயே நிற்பார். அந்த முதுகை அவள் மறக்கவில்லை. எனவே நூற்றுக்கு இரண்டு என்று கேட்டால் அவளுக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி இருக்கும். இதைப் போய்ப் பைத்தியம் என்று சொல்ல நமக்கென்ன வாய் இருக்கிறது?

அவளுக்கு வேலை மீன் குளிர்கிடங்கில். மீனைப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அந்த ஐஸ் ரூமுக்குள் ஒரேயடியாக இருந்தால் விரல் செத்துப்போகும். அதனால் விசில் ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. பெயரை மறந்து விசில் அக்கா என்றே எல்லோரும் கூப்பிட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

உள்ளே போகிறவர்கள் கனத்த சட்டை, தலைமூடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தெரிவது இரண்டு கண்ணும் முதுகில் ஒரு நம்பரும்தான். பெற்ற தாயே வந்தாலும் முதுகைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கூப்பிட முடியும்.

அந்த முதுகுகளில் ஒன்று இருபத்தேழு.

அம்மாடியோ, என்ன கை அது! காலையில் எல்லோருக்கும் வேகம் இருக்கும், அதில் அதிசயமில்லை. மத்தியானத்துக்கு மேல் மற்றவர்கள் குளிரில் விறைத்து, ஒவ்வொரு மீனையும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கும்போது, இவள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி அடுக்குவாள். சாயங்காலமும் அதே வேகம். அத்தனைக்கும் இடது கால் கொஞ்சம் ஊனம், இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். ஒரு நாள் வலது காலை இழுத்தாள். குளிரில் எந்தக் கால் என்பதே மரத்துப்போயிருக்கும் என்று அக்கா பரிதாபப்பட்டாள். இருபத்தேழு யாரோடும் பேசமாட்டாள். இடைவேளை விட்டால் மதிலுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். "மனுஷியா, மிஷினா?" என்று அக்கா மூக்கில் விரல் வைப்பாள். கண் பட்டுவிடுமோ என்று அடுத்த நொடியே வேறு பக்கம் பார்ப்பாள்.

கண் பட்டுத்தான் விட்டது. பட்டது புது மேனேஜரின் கண்.

"காலு சரியில்லாத ஒரு அம்மா இவ்வளவு போடுறாங்க" என்றார் அவர். "மத்தவங்களுக்கு என்ன கேடு? அடுத்த மாசத்துல இருந்து இருபத்தேழாம் நம்பர் போடுற கணக்குதான் எல்லாருக்கும் அளவு. முடியாதவங்க வீட்டுக்குப் போகலாம். சனிக்கிழமை கூட்டத்துல சொல்லப்போறேன்."

அந்த அளவை எட்ட இன்னொருத்தியும் அந்தக் கிடங்கில் கிடையாது. ஒன்பதாம் நம்பருக்குக் காற்றுவாக்கில் செய்தி போய்விட்டது. அக்காவும் ஒன்பதும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பதுக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கிப்போய், நிமிஷத்துக்கு ஒரு தரம் கையில் வாயால் ஊதிக்கொண்டுதான் வேலை செய்வாள். "ஏண்டி, இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்?" என்று அவள் அக்காவிடம் கேட்டாள்.

கேட்கவேண்டிய ஆளைக் கேட்போம் என்று அக்கா கிளம்பினாள். இருபத்தேழின் கையில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்பது அவள் கணக்கு. சாப்பாட்டு இடைவேளையில் மதிலைச் சுற்றிக்கொண்டு போய், பாதி திறந்திருந்த கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒருத்தி இருபத்தேழாம் நம்பர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கழற்றிய சட்டைக் கைக்குள் உடனே இன்னொருத்தி தன் கையை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் இருவரும் சிலையாகிவிட்டார்கள். சட்டை பாதி இவள்மேல், பாதி அவள்மேல்.

"இதுல யாரு இருபத்தேழு?" என்று அக்கா கேட்டாள்.

"நான்தாங்கக்கா" என்றாள் கழற்றியவள்.

"அப்ப இவ?"

"இவளும்தாங்கக்கா. என் நாத்தனார்."

அடுப்படியிலிருந்து இன்னொரு குரல் வந்தது: "நானும்தாங்கக்கா." அது அந்த வீட்டின் இளைய மருமகள்; சட்டையைக் கழற்றியவள் மூத்த மருமகள்.

நாத்தனார் பயத்தில் ஓரடி பின்னால் வைத்தாள். வீட்டுக்குள்ளேயும் இடது காலை இழுத்துத்தான் வைத்தாள். நிஜத்தில் கால் ஊனம் மூத்தவளுக்கு மட்டும்தான். மற்ற இருவருக்கும் இழுத்து இழுத்து அதுவே பழகிவிட்டது. அக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கு வலது காலை இழுத்தது யாரு?"

"அது நான்தாங்க" என்று இளையவள் எட்டிப் பார்த்தாள். "புதுசுல குழம்பிட்டேன்."

மூத்தவள் அக்காவை உட்காரவைத்தாள். "மூணு பேரும் வேலை தேடி அலையாத இடமில்லக்கா. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே வேலைதான் கிடைச்சுது. ஒருத்தி சம்பாதிச்சு, மத்த ரெண்டு பேர் அவ கையைப் பார்த்து நின்னா, அந்த வீடு வீடாவா இருக்கும்? பங்கு போட்டுக்கிட்டோம். காலைல நான், நடுவுல ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி."

"வேலைக் கணக்கெடுக்க வீடு வீடா ஒரு பொண்ணு வருதே, அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை பார்த்தீங்களான்னு அது கேட்டுச்சு. மூணு பேரும் ஆமான்னோம். பொய் இல்லையேக்கா?"

பொய்யில்லைதான். ஆனால் அக்காவுக்குத் தலை சுற்றியது. ஒரு சம்பளம், ஒரு சட்டை, ஒரு நாற்காலிகூட இல்லாத வீடு. வானொலிக் கணக்கிலோ இங்கே மூன்று வேலை! தான் வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்ட அந்த நூற்றுக்குள் இப்படி எத்தனை வீடு இருக்குமோ என்று நினைத்தபோது, பழக்கப்பட்ட தெருவில் வழி தவறினது போல இருந்தது. இன்னொரு பக்கம், இந்த மூவரையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு மலைப்பு அடங்கவில்லை. நடை ஒன்று, இருமல் ஒன்று, பெட்டிக் கயிற்றில் போடும் முடிச்சுகூட ஒன்று. இத்தனை வருஷம் விசில் ஊதியவள் கண்ணில் மண்ணைத் தூவுவதென்றால் சும்மாவா?

சனிக்கிழமை வரப்போகும் அறிவிப்பைச் சொன்னாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வேகத்தால் மற்றவர்களுடைய சோற்றில் மண் விழப்போகிறது என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

"என்ன செய்யப்போறீங்கக்கா?" என்று மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

விசில் ஊத நேரமாகிவிட்டது. சட்டைக்குள் புகுந்தவள் காலை இழுத்துக்கொண்டு முன்னால் ஓட, அக்கா பின்னால் ஓடினாள்.

சனிக்கிழமை வரை அவள் இருதலைக் கொள்ளி எறும்பாகத் துடித்தாள். சொன்னால் மூன்று பேர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஒன்பதில் ஆரம்பித்து எத்தனையோ பேர் பிழைப்பு போகும்.

கூட்டத்தில் மேனேஜர் முதலில் ஊரைப் புகழ்ந்தார். இங்கே வேலையில்லாதவரே கிடையாது, பொருளாதாரம் கொழுத்துக் கிடக்கிறது, இங்கிருந்து போனாலும் வேறு வேலை காத்திருக்கிறது என்றார். பிறகு, "இருபத்தேழு, எந்திரிச்சு வாங்கம்மா. உங்களைப் பார்த்து இவங்க கத்துக்கட்டும்" என்றார்.



மூத்தவள் எழுந்து காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பின்கதவு திறந்தது. நாத்தனார் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இளையவளும் இழுத்துக்கொண்டு வந்தாள். யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

"இருபத்தேழு ஒரு ஆள் இல்லைங்க" என்றாள் மூத்தவள். "மூணு ஆள். மூணு பேரோட வேகத்தை ஒருத்தி தலையில வைக்காதீங்க. அவங்க பாவம்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையிலிருக்கும் ஒரே சோற்றுப்பானையைப் பிறருக்காகத் தாமே போட்டு உடைக்கிறவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மேனேஜர் முகம் சிவந்து அக்கா பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூத்தவள்கூட 'தெரியாதுன்னு சொல்லிடுங்க' என்பது போலக் கண்ணைக் காட்டினாள். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அக்காவுக்குப் பொய் வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

அளவு பழையபடியே இருந்தது. இருபத்தேழாம் நம்பரை எடுத்துவிட்டார்கள். அக்காவிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டு அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் கொஞ்ச நாள் வாசலில் நின்று எல்லோரையும் முகமூடியை இறக்கச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சோதனையில் வேலை தாமதமாகி, மீன் வண்டிகள் தெருமுனை வரைக்கும் நிற்க ஆரம்பித்ததும் அந்தப் பழக்கம் தானாக ஒழிந்தது. அந்த வாரமே ஒன்பதாம் நம்பர் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். பைக்குள் அவளுடைய சட்டை.

"வியாழக்கிழமை இதை நீ போட்டுக்கோ" என்றாள்.

"உன் சம்பளத்தைப் பிடுங்கித் தின்னச் சொல்றியா?"

"ரொம்பப் பிகு பண்ணாதடி. அந்த மூணு பேருக்கும் ஆளுக்கொரு சட்டையில இடம் போட்டாச்சு. பதினாலாம் நம்பர் திங்கக்கிழமையை விட்டுக்கொடுத்திருக்கா, முப்பதாம் நம்பர் செவ்வாக்கிழமையை. நீ மட்டும் என்ன ஒசத்தி?"

அக்கா அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்பதைப் போல விரலில் எப்படி ஊதிக்கொள்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் கணக்கெடுக்கும் பெண் அவள் வாசலில் வந்து நின்றாள். "போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை பார்த்தீங்களாம்மா?"

வீட்டுக்காரர் அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்காவுக்கு அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அவருக்குச் சட்டையில் இடம் கொடுக்க ஒரு ஒன்பதாம் நம்பர் இருந்ததில்லை.

"பார்த்தேம்மா" என்றாள். அந்தப் பெண் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மாதக் கடைசியில் வானொலி சொன்னது: நூற்றுக்கு இரண்டு. போன மாதம் போலவே.

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு அக்கா நின்றாள். வீட்டுக்காரர் எழுந்து வானொலியை அணைக்கப் போனார்.

"இருங்க, அணைக்காதீங்க" என்றாள். "நாலு பேரை வெளிய தள்ளினாங்களே, கணக்குல ஒரு பொட்டு அசையலை பாருங்க. எத்தனை பேர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்திருந்தா இப்படி அசையாம இருக்கும்!"

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பதாம் நம்பர் சட்டை கொடியில் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனாள்.